நான் வெட்டிய நாற்பது விநாடிகள்

பழைய படங்களைப் பாதுகாக்கும் வேலைக்கு நம் பிள்ளைகள் சிலர் வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. உங்களில் ஒருவர் தொலைபேசியில் என்னிடம், "அங்கிள், உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ" என்று கேட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் இருக்கும் அறையில் எழும்பிப் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் ஓம் என்றேன்.

ரீலை எப்படிச் சுற்றுவது, பூஞ்சையை எப்படித் துடைப்பது என்பதையெல்லாம் உங்களுக்குப் படிப்பிக்கிறார்கள். அவற்றை நான் தொடவில்லை. முதுகுவலியால் ஐம்பத்தாறு வயதில் வேலையை விட்டேன். அதுவரை செய்த வேலையில் எனக்கு மறக்காதது ஒரு கிழமைதான், ஏழே நாட்கள்.

யாழ்ப்பாணத்தில் நான் ஒரு தியேட்டரில் படம் ஓட்டும் ஒப்பரேட்டராக இருந்தேன். அங்கே படத்தை வெட்டுவது எங்கள் வேலையில் ஒரு பகுதி. கடைசி பஸ்ஸுக்கு முன் காட்சி முடிய வேண்டும் என்றால் ஒரு பாட்டை வெட்டுவோம். ஒரு பாட்டுக்கு ஆட்கள் எழும்பிப் பீடி குடிக்கப் போகிறார்கள் என்றால் மறுநாள் அந்தப் பாட்டு இருக்காது. வெட்டிய துண்டைச் சுருட்டி ஒரு டின்னில் போட்டுவைத்து, படப்பெட்டி அடுத்த ஊருக்குப் போகுமுன் திரும்ப ஒட்டிவிடுவோம். யாரையும் கேட்பதில்லை. பெட்டி எங்கள் அறையில் இருக்கும்வரை படம் எங்களுடையது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

பேர்லினுக்கு வந்து ஏழு வருடம் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தேன். பிறகு நொய்கெல்ன் பகுதியில், ஒரு பின்முற்றத்தில் இருந்த சிறிய படக் களஞ்சியத்துக்குத் துடைக்கப் போனேன். பழைய படங்களைச் சேர்த்துவைத்துத் திரையரங்குகளுக்கு வாடகைக்குக் கொடுக்கும் இடம் அது. ஒருநாள் அறுந்து தொங்கிய படம் ஒன்றை நான் ஒட்டிக் காட்டினேன். அடுத்த மாதமே கூட்டும் தும்புத்தடியை வைத்துவிட்டுப் படம் ஒட்டும் மேசைக்கு மாறினேன். அங்கே நாங்கள் மூன்று பேர்தான். பொறுப்பாக இருந்தவர் ஒரு ஜேர்மன் பெண். அவரை ஷெஃபின் என்று கூப்பிடுவோம், முதலாளியம்மா என்பதுபோல. வான் வண்டியில் படங்களை ஏற்றி இறக்குபவர் சூசை அண்ணை, மன்னார்க்காரர். வாய் ஓயாத மனிதர். மூன்றாவது ஆள் நான். மூன்று பேருக்குமான பேச்சைச் சூசை அண்ணையே பேசிவிடுவதால் எனக்கு வசதியாக இருந்தது.

அமெரிக்கச் சிப்பாய்கள் பேர்லினை விட்டுப் போன வருடம் அது. அவர்களுடைய முகாம் ஒன்றில் இருந்த சின்னத் தியேட்டரை மூடியபோது நாற்பது டின் படங்கள் எங்களிடம் வந்தன. எல்லாம் கார்ட்டூன் படங்கள், முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் எடுத்தவை. ஷெஃபின் படத்தைப் பார்க்காமல், ஒவ்வொன்றையும் கருவியில் ஓட்டி நீளம் மட்டும் அளந்து எழுதினார். ஒரு டின்னை அளந்ததும் தன் அறையிலிருந்து ஓடிவந்தார். மற்ற நாடுகளில் இருக்கும் பிரதிகளைவிட இது நீளம் கூட என்றார். யாரும் வெட்டாத முழுப் பிரதியாக இருக்கலாம் என்று சிரித்தபடி சூசை அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முழுசாக இருந்தால் அதில் என்ன சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம், பிள்ளைகளோடு வரும் குடும்பங்களுக்கு அந்தப் படங்களில் ஆறைக் காட்டுவதாக ஏற்பாடு. அதில் இதுவும் ஒன்று. என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அப்பா ஒட்டிய படம் என்று சொல்லி, வகுப்பில் உள்ள இரண்டு சிநேகிதிகளையும் கூப்பிட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை அந்தப் படத்தைப் பார்வை மேசையில் போட்டேன். சின்னக் கண்ணாடித் திரையில் ஒரு மாலுமிக் கழுதை கப்பல் உடைந்து நீந்தி வருகிறது. ஐம்பது வருடப் பழைய நிறங்கள் நேற்றுப் பூசியவை போல இருந்தன. கழுதை எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடிக்கும் வாத்தியக்காரர் ஒரு சுரம் போடுகிறார். நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். கழுதை ஒரு தீவில் ஒதுங்கியது. பற்றைக்குள்ளிருந்து அந்தத் தீவின் மனிதர்கள் வந்தார்கள்.

தார் போலக் கறுப்பு. டயர் போல உதடு. தலைமயிரில் எலும்பு. முழித்த வெள்ளைக் கண். ஒரு பெரிய பானையைச் சுற்றிக் குதிக்கிறார்கள். கழுதை அவர்களின் வயிற்றில் மேளம் அடிக்க, அடிக்கு ஏற்றபடி ஆடுகிறார்கள்.

பின்னால் நின்ற சூசை அண்ணை வெடித்துச் சிரித்தார். "டேய் தம்பி, இஞ்ச பார், உன்ர சொந்தக்காரர் எல்லாம் வந்து நிக்கினம்! அந்தக் குண்டன் அசல் உன்ர மச்சான்!"

நானும் சிரித்தேன். அதைத்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நன்றாகவே சிரித்தேன். ஓட்டத்தை நிறுத்தக் கையை நீட்டினேன். மேசை விளக்கில் என் கை அந்தத் திரையின் மேல் விழுந்தது. நானும் திரையில் நின்றவர்களும் ஒரே நிறமாக இருந்தோம்.

அந்த வருடங்களில் வெளிநாட்டவரை அடிக்கும் கூட்டங்கள் திரிந்ததால், ரயில் பெட்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் நாங்கள் ஏறுவோம். அதற்கு முந்திய கிழமை, என் மகள் என்னோடு இருக்கும்போது, இரண்டு பெடியன்கள் எங்களைப் பார்த்துக் குரங்கு மாதிரிச் சத்தம் போட்டார்கள். "அப்பா, அவை ஏன் அப்பிடிக் கத்தினவை?" என்று கேட்டாள். விளையாடுகிறார்கள் என்று சொன்னேன். சனிக்கிழமை இருட்டில், இரண்டு சிநேகிதிகளுக்கு நடுவில் இருந்துகொண்டு, அவள் இந்தத் தீவைப் பார்ப்பாள். அவர்கள் சிரிப்பார்கள். பிறகு திரும்பி அவளைப் பார்ப்பார்கள்.

சூசை அண்ணை சாப்பிடப் போனதும் கத்தரிக்கோலை எடுத்தேன். தீவு தொடங்கும் இடத்தில் ஒன்று, முடியும் இடத்தில் ஒன்று. ஏழு மீட்டர். ஓட்டினால் நாற்பது விநாடி. சுருட்டினால் ஒரு கைப்பிடி. வெட்டிய முனைகளைச் சேர்த்து ஒட்டிவிட்டு, சுருளைப் பெயரில்லாத ஒரு டின்னில் போட்டு மேல்தட்டில் பின்னுக்குத் தள்ளினேன். ஞாயிறு வந்து திரும்ப ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஊரில் செய்ததுதானே.

புதன்கிழமை ஷெஃபின் அந்தப் படத்தைப் பார்க்க உட்கார்ந்தார். வெட்டிய இடத்தில் இசை தடுக்கி விழுந்தது. படம் ஓரிடத்திலும் அதன் சத்தம் சற்றுத் தள்ளியும் பதிந்திருக்கும் என்பதால், படத்தை வெட்டினால் பாட்டுக்குக் கால் முறியும். அவர் ரீலைக் கழற்றித் திரும்பவும் அளந்தார். இன்னொரு முறை அளந்தார். முகம் வெளுத்துப்போய்க் கதிரையில் இருந்தார்.

"நான் பிழையாக அளந்திருக்கிறேன்" என்றார். "ஒரு பிழையான எண்ணை நம்பி அந்த அம்மாவைக் கடல் தாண்டி வரவைத்துவிட்டேன்."

எந்த அம்மா என்று அப்போதுதான் தெரிந்தது. எழுபத்தைந்து வயதுப் பெண். இதே நகரத்தில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்து, பதினாறு வயதில் தப்பி அமெரிக்கா போனவர். அங்கே கார்ட்டூன் எடுக்கும் இடத்தில் நிறம் பூசும் பெண்களில் ஒருவராக வேலை செய்தவர். போர்க்காலத்தில் ஆண்களைப் படைக்குக் கூப்பிட்டபோது அவருக்கு ஒரேயொரு காட்சியை வரையக் கொடுத்தார்களாம். இந்தப் படத்தில் நாற்பது விநாடி. படத்தில் அவர் பெயரைப் போடவில்லை. பின்னாளில் தொலைக்காட்சிக்காக எல்லாப் பிரதிகளிலும் அந்த நாற்பது விநாடியைத்தான் வெட்டினார்கள். சாவதற்கு முன் அதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஷெஃபினுக்கு எழுதியிருந்தார். இங்கே நீளமான பிரதி கிடைத்திருக்கிறது என்று ஷெஃபின் பதில் போட்டிருக்கிறார்.

"நாளைக்கு விமானம் ஏறுகிறார்" என்றார் ஷெஃபின்.

பிள்ளைகளே, வாயைத் திறந்து இரண்டு சொல் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. அடுத்த மாதம் விசா நீட்டிக்க வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு டெர்மின், குறித்துத் தந்த நேரம், இருந்தது. அதற்கு இந்த வேலையின் கடிதம் வேண்டும். ஷெஃபின் ரீலை அறைக்குள் எடுத்துப்போய் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். இரகசியமாகத் திரும்ப ஒட்டும் வழியும் போய்விட்டது.

பின்னேரம் ஷெஃபினுக்குச் சந்தேகம் வந்து, சூசை அண்ணையைக் கூப்பிட்டு, அளந்த பிறகு டின்களை வேறெங்காவது கொண்டுபோனாரா, யாராவது திறந்தார்களா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனாலும் கேட்டார். அண்ணை வெளியே வந்து, முற்றத்தில் என்னைச் சைக்கிள்களுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. நீதானே?"

"இல்லை அண்ணை."

"மாதாவாணை?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அப்ப நீதான். அண்டைக்கு உன்ர மூஞ்சி போன போக்கைப் பாத்தனான். நான் பகிடிக்குச் சொன்னன், நீ கத்தரியைத் தூக்கிப்போட்டாய்."

"சொன்னா வேலை போயிடும் அண்ணை. வாற மாசம் டெர்மின்."

"சொல்லாட்டி என்ர பேர் போகுது. எத்தினை வருசமா ஓடுறன், ஒரு பெட்டி குறைஞ்சதே? அந்த மனுசி என்னைப் பாத்த பார்வையைப் பாக்கோணும் நீ, ஏதோ நான் வழியில வச்சு வித்துப்போட்டு வந்த மாதிரி!" சிகரெட்டைக் காலால் நசுக்கினார். "நான் உன்னைக் காட்டிக் குடுக்கமாட்டன். அது எனக்கு ஏலாது. ஆனா இனி உன்னோட இருந்து தேத்தண்ணி குடிக்கமாட்டன்."

வியாழக்கிழமை முழுக்க அவர் என்னோடு கதைக்கவில்லை. வாய் ஓயாத ஒரு மனிதன் பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய சத்தம் என்று அன்றுதான் தெரிந்தது.

வெள்ளி காலை அந்த அம்மா வந்தார். சின்ன உருவம், மழைக்கோட்டு, கையில் ஒரு துணிப்பை. அவர் பேசிய ஜேர்மன் இங்குள்ளவர்கள் இப்போது பேசாத மாதிரி, பழைய பாடப்புத்தகம் போல இருந்தது. ஷெஃபின் எழும்பி நின்று மன்னிப்புக் கேட்டார். தன்னுடைய பிழை, பிழையாக அளந்துவிட்டேன் என்றார்.

"பரவாயில்லை" என்றார் அந்த அம்மா. "எல்லா இடத்திலும் வெட்டித்தான் இருக்கிறது. இருக்கிறதைக் காட்டுங்கள்."

மேசையில் போட்டு ஓட்டினேன். கழுதை நீந்தியது. கரை வந்தது. இசை தடுக்கியது. அந்த அம்மா கையை உயர்த்தினார். நான் நிறுத்தினேன். துணிப்பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை எடுத்து, ஒட்டின இடத்தைக் குனிந்து பார்த்தார். வாழ்நாள் முழுக்க மயிரளவுக் கோட்டைப் பார்த்துப் பழகிய கண்கள்.

"இந்த வெட்டு பழையது இல்லை" என்றார். "ஓரத்தில் தூசி இல்லை. கோடும் நேராக இல்லை. கத்தரிக்கோல். அவசரப்பட்ட கை."

ஷெஃபின் மெல்லத் திரும்பிச் சூசை அண்ணையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அதிகம் பேசாத, சொன்ன வேலையைச் செய்கிற மனிதன் மீது அவருக்குச் சந்தேகமே வரவில்லை. சூசை அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னபடி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

"நான்தான் செய்தது" என்றேன். குரல் கீச்சிட்டது. விளங்கவில்லையோ என்று பயந்து இன்னொரு தரம் சொன்னேன். ஏணியில் ஏறி டின்னை எடுத்துவந்து மேசையில் வைத்தேன்.

ஷெஃபின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "ஏன்?" என்றார்.

காரணம் சொல்ல என்னிடம் ஜேர்மன் இல்லை. "நாளைக்கு என் மகள் வருகிறாள்" என்றேன். திரையைக் காட்டினேன். பிறகு என் கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"நான் இந்தத் துண்டை இன்னும் பார்க்கவே இல்லையே" என்றார் ஷெஃபின். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. கோபமா, வேறு என்னவா என்று தெரியவில்லை. "பிள்ளைகளுக்குப் போட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு படம் போட்டிருப்பேன். ஒரு வார்த்தை!"

இவ்வளவுதானா? ஒரு வார்த்தை போதுமென்று எனக்குத் தோன்றவே இல்லை. என் வாழ்க்கையில் அதுவரை ஒரு வார்த்தை சொல்லி எதுவும் மாறியதில்லை. கத்தரிக்கோல்தான் எனக்குப் பேசத் தெரிந்த மொழி.

அந்த அம்மா சுருளைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தார். என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"நான் பள்ளிக்குப் போன தெரு இங்கிருந்து தூரமில்லை" என்றார். "என் வகுப்புச் சுவரில் எங்கள் ஆட்களை வரைந்து ஒட்டியிருந்தார்கள். கொக்கி மூக்கு, தடித்த உதடு. ரீச்சர் என்னை எழுப்பி அதற்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். பிள்ளைகள் படத்தையும் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள், சிரித்தார்கள். ஏழு வருடம் கழித்து எனக்கு ஒரு பென்சிலைத் தந்து, காட்டுமனிதர்களை வரை, உதடு பெரிதாக இருக்கட்டும் என்றார்கள். நான் வரைந்தேன்."

சுருளில் இன்னும் சில கட்டங்களை வெளிச்சத்துக்கு நகர்த்தினார்.

"கட்டாயப்படுத்தவில்லை. அதைத்தான் ஐம்பது வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதம் சந்தோஷமாக வரைந்தேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சிரித்த மூன்று மாதம் இல்லை. நிறம் பூசுகிறவள் வரைகிறவளாக மாறிவிட்டேன், அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு படம் வரைந்த கண்ணாடித் தாள்களையெல்லாம் கழுவிவிட்டார்கள். அவற்றைக் கழுவி அடுத்த படத்துக்குப் பாவிப்போம், போர்க்காலத்தில் தட்டுப்பாடு. நான் செய்ததற்குச் சாட்சி வேறு எதுவும் இல்லை. இது மட்டும்தான்."

சுருளை என்னிடம் நீட்டினார். "ஒட்டுங்கள். பார்க்க வேண்டும்."

ஒட்டினேன். ஓட்டினேன். கறுப்பு மனிதர்கள் பற்றைக்குள்ளிருந்து வந்தார்கள், குதித்தார்கள், ஆடினார்கள். சூசை அண்ணை இந்த முறை சிரிக்கவில்லை. அந்த அம்மா மூக்கு திரையில் முட்டுமளவு கிட்டப் போய்ப் பார்த்தார். முடிந்தபோது இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ" என்றார். "எவ்வளவு நன்றாக வரைந்திருக்கிறேன்."

அந்த வார்த்தை எனக்குள் எங்கே போய்க் குத்தியது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கெட்டதாக வரைந்திருந்தால் அவருக்கும் எனக்கும் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

வேலை போகவில்லை. விசாக் கடிதத்தில் ஷெஃபின் திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுத் தந்தார். ஆனால் இரண்டு கிழமைக்கு வேலைக்குத் தேவையானதைத் தவிர ஒரு சொல் பேசவில்லை. சூசை அண்ணையிடம் அவர் என் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டார். பிள்ளைகளின் காட்சியில் கழுதைப் படத்துக்குப் பதிலாக வேறொன்று போட்டார்கள். என் மகள் சிநேகிதிகளோடு விழுந்து விழுந்து சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களுக்கு மட்டும் அந்தப் படத்தை முழுசாகக் காட்டினார்கள். அந்த அம்மா முன்னால் நின்று எங்களிடம் சொன்னதையே அவர்களிடமும் சொன்னார். முப்பது பேர்கூட இருக்கமாட்டார்கள். ஒருவரும் கைதட்டவில்லை. எழும்பிப் போகவும் இல்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் துண்டு என் பிள்ளையின் கண்ணில் படக்கூடாது என்று நான் நினைத்தது பிழை என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அதைச் சொல்லாமல் வெட்டினேன், அதுதான் பிழை. உங்கள் மேசைக்கும் இப்படியான படங்கள் வரும். வெட்டத் தோன்றும். அப்போது கத்தரிக்கோலைத் தள்ளி வைத்துவிட்டு, எவ்வளவு வெட்கமாக இருந்தாலும், பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள். ஒருவர் செய்த அநியாயத்தை நாம் வெட்டி எறிந்தால், அதைச் செய்யவே இல்லை என்று அவர் சொல்ல வசதியாகப் போய்விடும். அந்த அம்மாவுக்கு அந்த வசதியை எத்தனையோ பேர் கொடுத்திருந்தார்கள். அவர்தான் வேண்டாம் என்று இவ்வளவு தூரம் வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை ஒட்டி முடித்த பிறகு நடந்த ஒன்று மிச்சமிருக்கிறது. நான் கத்தரித்த இடங்களில் நான்கு கட்டங்கள் சிதைந்துபோயிருந்தன. அவற்றை மீட்க வழியில்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அட்டை உண்டு, அதில் சேதம் என்று ஒரு பத்தி உண்டு. ஷெஃபின் அந்த அட்டையை என் முன்னால் வைத்தார். என் ஜேர்மன் எழுத்து குழந்தையின் எழுத்து. அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, 'நான் வெட்டினேன், நான்கு கட்டங்கள் இல்லை' என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன்.

அந்த அம்மா பேனாவைக் கேட்டு வாங்கினார். என் பெயருக்குக் கீழே, 'இந்த நாற்பது விநாடிகளை வரைந்தவள்' என்று எழுதத் தொடங்கினார்.

"வரைந்தவர்களுக்கு மேலே தனிப் பத்தி இருக்கிறது" என்றார் ஷெஃபின்.

அந்த அம்மா மேலே இருந்த பத்தியைப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, சேதம் என்ற பத்தியிலேயே தன் முழுப் பெயரையும் எழுதி முடித்தார்.